சம்பந்தி வீட்டு வாசல் எலும்பு

ஜூன் 14, 2011
மலை மேய்ச்சல்

என் கண்ணாடி மச்சினி ரய்கானுக்கு,

உன் அக்கா புருஷன் பெய்செம்பெக் எழுதுறேன். எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நாலாம் வகுப்புலயே மனஸ்தாபம். அதனால எழுத்து ஆடு மேஞ்ச புல்லு மாதிரி அங்கங்க அரைகுறையா இருக்கும், பொறுத்துக்கோ. போன் பேசலாம்னா இந்த மலைமேல சிக்னல் வர்றதில்ல. தேன் ஏத்த வர்ற வசீலி வண்டிதான் நமக்குத் தபால்.

நீ அனுப்பின ஆறு ஆடும் சௌக்கியம். அடையாளத்துக்குக் காதுல நீலக் கம்மல் மாட்டி அனுப்பிட்டியா, நம்ம ஆடுங்க நடுவுல சீமாட்டி மாதிரி திரியுதுங்க. நகரத்துக் கொட்டடியில நின்னா எலும்புக்கு வேலை இல்ல, மலை ஏறி இறங்கணும்னு சொன்னியே, நல்லா ஏறுதுங்க, இறங்குதுங்க. ஆடு லாரியில வந்துச்சு. ஆட்டோட சொந்தக்காரி ஏன் வரலன்னு உன் அக்கா பிபிநூர் இன்னும் மூக்கைச் சிந்துறா. எங்க பொண்ணு அய்னாஷ் கல்யாணத்துக்குச் சொந்த சித்தி வரல. கண்ணாடி உருக்குற எந்த அடுப்பு அணையக் கூடாதுன்னு ஒக்கார்ந்திருந்தியோ அந்த அடுப்பை அவ தினமும் வைய்யுறா.

சரி, எனக்கு ஒரு சந்தேகம். ஆடுங்களோட முன்னங்கால் எலும்புல ஒரு பக்கம் வெறும் டைட்டானியம் ஊசி, மறு பக்கம் கண்ணாடி பூசின ஊசின்னு சொன்ன. எந்தக் கால்ல எதுன்னு மட்டும் சொல்ல மாட்டேன்னுட்ட. சொல்லாட்டிப் போ. ஆனா கண்ணாடி எப்படிடி எலும்புக்குள்ள இருக்கும்? என் எனாமல் குவளை கீழ விழுந்தா பூச்சு சில்லு சில்லா தெறிச்சுடுது. அந்த மாதிரி ஆடு உள்ளுக்குள்ள தெறிச்சிடாதா? ஒரு ஆடு நொண்டினாலும் எனக்குப் பயமா இருக்கு, எட்டிப் பார்த்தா முள்ளுதான்.

பதில் போடு. போடலன்னா உன் சீமாட்டிங்களுக்கு உன் பேரையே வச்சுக் கூப்பிடுவேன்.

உன் அத்தான்

*

ஜூன் 22
ஒஸ்கெமென்

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் எனாமல் குவளையைப் பற்றி எங்கள் துறைத் தலைவர் கென்னாடி பாவ்லோவிச்சிடம் சொன்னால் உங்களைக் கட்டிப் பிடித்துக்கொள்வார். அவர் சொல்வதும் அதேதான். "சூட்டில் பூசுகிறாய். ஆறும்போது கண்ணாடி அதிகம் சுருங்கும், உலோகம் கொஞ்சம்தான் சுருங்கும். விரிசல் விடும், உரிந்து விழும், ஆட்டைப் போட்டு வதைக்காதே" என்கிறார்.

இது ஜன்னல் கண்ணாடி இல்லை, அத்தான். அதே மணல்தான், ஆனால் சுண்ணாம்பும் சோடாவும் பாஸ்பரஸும் கூடச் சேர்த்து உருக்குகிறோம். உடம்புக்குள் போனால் இது தேநீரில் போட்ட கற்கண்டு மாதிரி மெல்லக் கரையும். கரைகிற இடத்தில் எலும்பில் இருக்கிற உப்பு மாதிரியே ஒரு படலம் உண்டாகும். எலும்பு அதைத் தன் ஆள் என்று நினைத்து அதன்மேல் வளரும். வெறும் உலோகம் என்றால் பல நேரம் உடம்பு சுற்றி ஒரு மெல்லிய தோலைப் போர்த்தி, தள்ளியே வைத்துவிடும். விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்குமே தவிர வீட்டு ஆள் ஆகாது. அப்படியானால் முழுவதும் கண்ணாடியிலேயே செய்யலாமே என்று கேட்பீர்கள். நாலு அடி நடந்தால் நொறுங்கிவிடும்.

சிக்கல் என்னவென்றால், மணலைக் கூட்டினால் உலோகத்தை நன்றாகப் பிடிக்கிறது, ஆனால் எலும்பு அதைச் சட்டை செய்வதில்லை. மணலைக் குறைத்தால் எலும்பு ஓடி வருகிறது, ஆனால் பூச்சு உரிகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கலவையைப் பிடிக்கத்தான் அந்த அடுப்பு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்காவிடம் சொல்லுங்கள், அம்மாவின் இடுப்பில் வைத்த உலோகம் ஆட ஆரம்பித்ததும் அவர் படுத்தார், பிறகு எழவே இல்லை. அக்காவும் பார்த்தாள்தானே.

அக்டோபரில் ஆறு ஆட்டையும் இங்கே கொண்டுவந்து எலும்பை எடுத்துப் பார்ப்போம். அதுவரை ஒன்றைக் கூட விற்கக் கூடாது, அடிக்கக் கூடாது, யாருக்கும் கொடுக்கக் கூடாது. ஒன்று குறைந்தாலும் கென்னாடி பாவ்லோவிச் வேலையை மூடிவிடுவார். அதற்குத்தான் காத்திருக்கிறார்.

ரய்கான்

*

ஜூலை 9
மலை மேய்ச்சல்

கற்கண்டு மச்சினிக்கு,

உன் கடுதாசியை மூணு தடவை படிச்சேன். ரெண்டு தடவை நான், ஒரு தடவை உன் அக்கா. அம்மா இடுப்பு விஷயம் வந்த இடத்துல அவ நிறுத்திட்டு வெளிய போய் கெட்டிலைத் தேய்ச்சா. சுத்தமா இருந்த கெட்டில்.

கண்ணாடி, உலோகம், எலும்பு மூணும் எனக்குப் புரிஞ்சுபோச்சு. பொண்ணு வீட்டுக்காரனும் மாப்பிள்ளை வீட்டுக்காரனும் ஒருத்தன் வாயில ஒருத்தன் ஆட்டுவால் கொழுப்பும் ஈரலும் ஊட்டிக்கிறோமே, அதுதான் உன் கண்ணாடி. தின்னு முடிச்சா கொழுப்பு கரைஞ்சுடும், சம்பந்தம் நிக்கும். சரியா சொன்னேனா? சரின்னா அதையே எழுதி டிப்ளமா வாங்கிக்கோ, என் பேரைப் போட வேண்டாம்.

இந்த வருஷம் புல்லு நல்லா இருக்கு. குதிரைப் பால் நல்லா புளிச்சு வருது. மழை ரெண்டு தடவை. வசீலிக்குப் பல்லு வலி.

அய்னாஷோட மாமனார் தொக்தாசின் வந்திருந்தார். சம்பந்தி ஆனப்புறம் முதல் தடவையா என் வாசல் மிதிக்கிறார். அவர் மகன், நம்ம மாப்பிள்ளை தௌரென்னும் கூட வந்தான். மத்தியானம் சாப்பிட்டு அவர் கண்ணசந்தப்போ, நான் கோணி ஊசி எடுத்து அவர் கோட்டைக் கீழ விரிச்ச கம்பளத்தோட சேர்த்துத் தைச்சுட்டேன். எழுந்தார், கம்பளமும் எழுந்துச்சு. நீ பார்த்திருக்கணும்.

சாப்பிட்டுன்னு எழுதினேன் பார். அந்த சாப்பாடு விஷயமா ஒண்ணு சொல்லணும்.

சம்பந்திக்கு ஆடு அடிக்கணும், ஆட்டைப் பிடிச்சுட்டு வாடான்னு மாப்பிள்ளையை அனுப்பினேன். அவனுக்கு உன் கம்மல் கதை தெரியாது. அப்பாவுக்கு மரியாதையா இருக்கணும்னு மஞ்சத்தலை ஆடாப் பார்த்துப் பிடிச்சிருக்கான். நான் உள்ள குதிரைப் பால் கடைஞ்சுக்கிட்டிருந்தேன். வெளிய வர்றதுக்குள்ள ஆடு வாசல்ல நிக்குது, சம்பந்தி ரெண்டு கையையும் விரிச்சு வாழ்த்தி முகத்துல தடவிக்கிட்டார். நீயும் இந்த ஊர்ப் பொண்ணுதானே. வாழ்த்து வாங்கின ஆட்டை மாத்த முடியுமா? "இது வேண்டாம் சம்பந்தி, வேற தர்றேன்"ன்னா அவர் குதிரையைத் திருப்பிக்கிட்டுப் போயிருப்பார், என் பொண்ணு அந்த வீட்டுல வாழணும்.

அந்த ஆட்டுக் காதுல நீலக் கம்மல் இருந்துச்சு ரய்கான்.

உன் அத்தான்

*

ஜூலை 13
ஒஸ்கெமென்

அத்தான்,

ஆத்திரத்தில் பேனா நிப்பு உடைந்துவிட்டது. இது வேறு பேனா.

மழையும் வசீலியின் பல்லும் முதலில், என் ஆடு கடைசியில்! உங்களுக்கு ஒரு ஆடு, எனக்கு நாலு வருஷ அடுப்பு.

சாப்பிட்டவர்கள் யாருக்கும் ஒன்றும் ஆகாது, ஊசி வைத்தபோது மருந்து கொடுத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதைக் கேட்கக்கூட உங்களுக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

எலும்புகள் எங்கே? முன்னங்கால், மேல் எலும்பு, இரண்டும். ஊசிகள் எங்கே? நம் பக்கம் எலும்பைக் கோடாலி போட்டு உடைப்பதில்லை, மூட்டில்தான் பிரிப்போம், அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். எல்லாவற்றையும் எழுதுங்கள். குதிரைப் பாலைத் தவிர.

ரய்கான்

*

ஜூலை 20
மலை மேய்ச்சல்

மச்சினி,

வையி, வையி. நீ வையிறது வசீலி வண்டி சத்தத்தை மீறிக் கேக்குது.

ஒரு முன்னங்கால் தௌரென் தட்டுல போச்சு. அவன் கறியை வாயால இழுத்தப்போ சூப்புல டிங்குன்னு ஒரு சத்தம். ஊசி தானா நழுவி விழுந்துடுச்சு. "மாமா, உங்க ஆடு ஆணி தின்னுருக்கு"ன்னான். நான் வாங்கி பூட்ஸுக்குள்ள போட்டுக்கிட்டேன். பளபளன்னு இருக்கு. அந்த எலும்பு நாய்க்குப் போயிடுச்சு. நாய் கிட்ட கேட்டுப் பார்த்தேன், சொல்ல மாட்டேங்குது.

இன்னொரு முன்னங்கால் அப்படியே முழுசா சம்பந்தியோட ஊருக்குப் போயிடுச்சு. விருந்து மிச்சத்தைக் கட்டிக் கொடுத்தனுப்பாம விடுவாளா உன் அக்கா? தன் கையாலயே துணியில கட்டினா. இப்ப நான் போய் அதைத் திருப்பிக் கேக்கணுமா? "சம்பந்தி, நான் குடுத்தனுப்பின கறியைத் திருப்பிக் குடுங்க"ன்னு உலகத்துல எவனாவது கேட்டிருக்கானா? கணவாய் தாண்டினதும் என் பேரு மாறிடும். எலும்பு கேட்ட பெய்செம்பெக்.

நழுவி விழுந்தது உன் கண்ணாடி ஊசியா, வெறும் ஊசியா? அதை மட்டும் சொல்லு.

உன் அத்தான்

*

ஜூலை 25
ஒஸ்கெமென்

அத்தான்,

அதுதான் எனக்கும் தெரிய வேண்டும்! பளபளப்பை வைத்துச் சொல்ல முடியாது. வெறும் ஊசியும் பளபளக்கும். கென்னாடி பாவ்லோவிச் சொல்கிற மாதிரி பூச்சு முழுவதும் உரிந்து போயிருந்தால் என் ஊசியும் பளபளக்கும். விழுந்தது எந்தக் கால் என்று தெரிந்தால் போதும். அந்த எலும்பு நாய் வயிற்றில். அதனால் சம்பந்தி வீட்டில் இருப்பது இடதா வலதா என்று பார்த்தால் மற்றது தானாகத் தெரியும்.

எந்தப் பக்கம் கண்ணாடி என்று இப்போதும் சொல்ல மாட்டேன். தெரிந்தால் உங்கள் கண் எனக்குப் பிடித்த பதிலைப் பார்க்கும். உங்களை எனக்குத் தெரியும்.

இங்கே நான் ஒன்றும் மறைக்கவில்லை. ஆடு போன கதையைக் கென்னாடி பாவ்லோவிச்சிடம் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. "செப்டம்பர் கூட்டத்தில் முடிவு செய்வோம்" என்றார். கையில் எதுவும் இல்லாமல் போனால் மீதி ஐந்து ஆட்டுக்கும் முடிவு அன்றைக்கே. அந்தக் கலவை சரியா தப்பா என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

போங்கள் அத்தான். கெஞ்சிக் கேட்கிறேன். உங்களிடம் கெஞ்சினேன் என்று அக்காவிடம் சொல்லாதீர்கள்.

ரய்கான்

*

ஆகஸ்ட் 8
மலை மேய்ச்சல்

கெஞ்சின மச்சினிக்கு,

அக்கா கிட்ட சொல்லிட்டேன்.

போனேன். வாசல்ல குதிரையை விட்டு இறங்கறதுக்குள்ளயே சம்பந்தி, "வாங்க சம்பந்தி, ஊசி நூல் கொண்டாந்திருக்கீங்களா?"ன்னார். கோட்டைக் கழட்டி ஆணியில மாட்டிட்டுத்தான் என் பக்கத்துல ஒக்கார்ந்தார்.

எப்படிக் கேக்கறதுன்னு மூணு கிண்ணம் தேநீர் வரைக்கும் யோசிச்சேன். நாலாவது கிண்ணத்துல தலை தூக்கினேன், எலும்பு எனக்கு நேரா தொங்குது! நிலைப்படிக்கு மேல. முன்னங்கால் எலும்பை வீட்டுல மாட்டினா ஆட்டுமந்தைக்குக் காவல்னு நம்ம வீட்டுலயும்தானே மாட்டுறோம். அவர் கயித்தை எலும்புல கட்டல, வெளிய நீட்டிக்கிட்டிருக்கிற உன் ஊசித் தலையில கட்டித் தொங்கவிட்டிருக்கார்.

"உங்க ஊர் ஆடு கொக்கியோட பொறக்குது சம்பந்தி, நல்ல வசதி"ங்கிறார்.

வேற வழியில்லாம எல்லாத்தையும் சொன்னேன். உன்னை, உன் அடுப்பை, மணலை, அம்மா இடுப்பை. மனுஷன் தாடியைத் தடவிக்கிட்டே கேட்டார். அப்புறம், "எலும்பை இறக்க முடியாது, காவல் போயிடும். ஊசிதானே உங்களோடது? கையால பிடுங்குங்க. வந்துச்சுன்னா எடுத்துட்டுப் போங்க"ன்னார்.

வெளிய வந்தோம். முழங்காலுக்கு நடுவுல எலும்பை இடுக்கிக்கிட்டு இழுத்தேன். அசையல. அவர் இழுத்தார். அசையல. லாடத்து ஆணி பிடுங்குற கொறடு இருக்கே, அதைக் கொண்டாந்தார். நான் எலும்பைப் பிடிக்க, அவர் கொறடைப் பிடிக்க, கொறடு வழுக்கி அவர் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் சாணியில மல்லாந்தோம். சம்பந்தியம்மா வெளிய வந்து, "ஒரு எலும்புக்கு ரெண்டு கிழவனும் கட்டிப் புரளுறீங்களே, நாய் வெக்கப்பட்டு எழுந்து போயிடுச்சு"ன்னாங்க.

எழுந்து தூசி தட்டிட்டு சம்பந்தி சொல்றார்: "பிடுங்க முடியல. பேச்சுப்படி எலும்பு என்னோடது. ஆனா ஒண்ணு. என் மருமகளுக்கு ஒரு சித்தி இருக்காளாம், கல்யாணத்துக்கு வரல, என் வீட்டுக் கொழுப்பும் ஈரலும் இன்னும் அவ வாயில படல. அவளை வரச் சொல்லுங்க. வந்து சாப்பிடட்டும். நானே இறக்கி அவ கையில தர்றேன். காவலுக்கு வேற எலும்பு மாட்டிக்கிறேன்."

எலும்பு இடதா வலதான்னு நல்லாப் பார்த்துட்டேன். ஆடு மேய்க்கிறவனுக்கு அது தெரியாதா? ஆனா எழுத மாட்டேன். பேனாவுல மை தீர்ந்துபோச்சு.

உன் அத்தான்

*

ஆகஸ்ட் 12
ஒஸ்கெமென்

அத்தான்!

கொறடா? என் மாதிரியைக் கொறடு போட்டா இழுத்தீர்கள்?

மை தீர்ந்துபோச்சாம். உங்களுக்கு எப்போது எது தீர்ந்திருக்கிறது! ஒரே ஒரு சொல். இடதா, வலதா? வசீலியிடம் வாயாலாவது சொல்லி அனுப்பக் கூடாதா? அவரிடம் கேட்டேன். "பெய்செம்பெக் என் பல்லுக்கு மருந்து கொடுத்து வாயை அடைத்துவிட்டார்" என்று சிரிக்கிறார்.

சரி. அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வண்டியிலேயே வருகிறேன். எலும்புக்காகத்தான் வருகிறேன், வேறு எதற்கும் இல்லை. அக்காவிடம் தடபுடல் ஏதும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ரய்கான்

*

செப்டம்பர் 10
ஒஸ்கெமென்

அன்புள்ள அத்தானுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. அக்கா கட்டிக் கொடுத்த மூட்டை என்னைவிடக் கனம். பாலாடைக்கட்டி வாசனை இன்னும் ஆய்வுக்கூடத்தை விட்டுப் போகவில்லை.

சம்பந்தி வீட்டு நிலைப்படியில் நான் அண்ணாந்து பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டதும், சம்பந்தியம்மா யாரோ செத்துப்போன செய்தி என்று நினைத்துத் தண்ணீர் எடுத்து வந்தாரே, அதை நீங்கள் எல்லோரிடமும் நடித்துக் காட்டுகிறீர்களாம். அய்னாஷ் சொன்னாள். நடியுங்கள். இடது எலும்பு, அத்தான். கண்ணாடி இடது பக்கம். தௌரென் சூப்பில் விழுந்தது வெறும் ஊசி. அக்கா அதை வைத்துக் கெட்டில் மூக்கின் அடைப்பைக் குத்திக்கொண்டிருந்தாளே, அதையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். அதில் பூச்சின் சுவடே இல்லை.

எலும்பை ஊசியோடு சேர்த்து மெல்லிய வில்லையாக அறுத்து, தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்தேன். ஒரு பக்கம் உலோகம், மறு பக்கம் எலும்பு. நடுவில் கண்ணாடியைத் தேடினேன். பள்ளத்தில் மிச்சமிருக்கிற மே மாதத்துப் பனி மாதிரி அங்கங்கே கொஞ்சம். மற்ற இடமெல்லாம் எலும்பு வந்து உட்கார்ந்திருக்கிறது. விரிசலைத் தேடினேன். ஒன்று இருக்கிறது, உங்கள் கொறடு பட்ட இடத்தில்.

கென்னாடி பாவ்லோவிச் வெகுநேரம் பார்த்தார். கண்ணை எடுக்காமலே, "யார் வேகவைத்தது?" என்று கேட்டார். என் அக்கா என்றேன். "நன்றாக வெந்திருக்கிறது" என்றார். வெந்த எலும்பின் உறுதியைக் கணக்கில் சேர்க்க முடியாது, அது சரிதான், நானும் சேர்க்கச் சொல்லவில்லை. ஒரு ஆட்டை வைத்து எதுவும் சொல்லவும் முடியாது. ஆனால் மீதி ஐந்தும் அக்டோபர்வரை மலையிலேயே இருக்கட்டும் என்று கூட்டத்தில் அவரே எழுந்து சொன்னார். அந்த ஐந்தும் என்ன சொல்லும் என்று தெரியாது. தெரியாதபோதும் இப்போது தூக்கம் வருகிறது.

ஒன்று மட்டும் புரியவில்லை. எந்தப் பக்கம் கண்ணாடி என்று உங்களுக்கு நான் சொல்லவே இல்லை. தொங்குவது வெறும் ஊசியாகவும் இருந்திருக்கலாம். என் வேலை தோற்றதைப் பார்க்கவா அவ்வளவு தூரம் வரவழைத்தீர்கள்? எந்தத் தைரியத்தில்?

ரய்கான்

*

செப்டம்பர் 19
மலை மேய்ச்சல்

இடது பக்க மச்சினிக்கு,

அஞ்சு சீமாட்டியும் சௌக்கியம். இனிமே எந்த மாப்பிள்ளை கண்ணும் படக்கூடாதுன்னு அதுங்க தலையில அடுப்புக் கரி பூசிவிட்டிருக்கேன். எந்த சம்பந்தியும் கைவிரிச்சு வாழ்த்த மாட்டார். பார்த்தா துக்க வீட்டுக்குப் போற மாதிரி இருக்கும், நீ பயப்படாதே.

நுண்ணோக்கியில வச்சுப் பார்த்ததுல கண்ணாடியைக் காணோம்னு எழுதியிருக்க. கரைஞ்ச கண்ணாடி எங்க போச்சு? சிறுநீர்லயா? அப்ப என் மலையில அந்த ஆடு நின்ன இடத்துப் புல்லெல்லாம் கண்ணாடிப் புல்லா? அதுக்கு விளக்கமா பதில் போடு. அப்புறம் பல்லுக்கு ஏதாவது உண்டா? வசீலி கேக்குறான்.

எந்தத் தைரியத்துலன்னு கேட்டியே. எனக்கு ஒரு தைரியமும் இல்ல. நீ சொல்லல, எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். அது கண்ணாடி ஊசின்னா நீ சிரிச்சுக்கிட்டே சாப்பிடுவ. வெறும் ஊசின்னா அழுதுக்கிட்டு சாப்பிடுவ. அந்த நகரத்து அறையில தனியா ஒக்கார்ந்து அழறதுக்கு, உன் அக்கா பக்கத்துல ஒக்கார்ந்து அழுதுட்டுப் போன்னு நினைச்சேன். ரெண்டுல எதுவா இருந்தாலும் நீ வரணும். அதான் மை தீர்ந்துபோச்சு.

சம்பந்தி சொல்லி அனுப்பினார், உனக்குக் குடுத்ததுக்குப் பதிலா மாட்டின எலும்பு சரியில்லையாம், கயிறு நழுவி நழுவி விழுதாம். கொக்கி வச்ச ஆடு இன்னும் ஒண்ணு கிடைக்குமான்னு கேட்டார். அக்டோபர் கழிஞ்சு பார்க்கலாம்னு சொல்லியிருக்கேன்.

கொழுப்பும் ஈரலும் ஊட்டும்போது நீ உன் அக்கா விரலைக் கடிச்சுட்டியாமே. அந்தக் காயத்தை வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் நீட்டி நீட்டிக் காட்டுறா. மருந்து போடறேன்னா கையை இழுத்துக்குறா.

உன் அத்தான் பெய்செம்பெக்